தங்கம் மஞ்சளா, சிவப்பா? புற்றுநோயைத் தேடும் 'நானோ தங்கம்' எங்கே வந்து நிற்கிறது?

தி.நகர் பனகல் பார்க் பக்கம் நின்றுகொண்டு, "தங்கம் என்ன கலர்?" என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். மஞ்சள்தான், அதில் என்ன சந்தேகம்? ஆனால், சிவப்பு நிறத் தங்கத்தை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள். மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் பிரெக்னன்சி கிட்டில் தெரிகிற அந்தச் சிவப்புக் கோடு... கொரோனா நேரத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த ரேபிட் டெஸ்ட்டில் பயத்தோடு பார்த்த அந்தக் கோடு... பெரும்பாலான கிட்களில் அது தங்கம்தான். சாயம் இல்லை, நிஜத் தங்கம். அடகு வைக்கலாமா என்று கேட்காதீர்கள், அவ்வளவு தேறாது!

இதை இப்போது எழுதக் காரணம், எல்லாருடைய குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் அவ்வப்போது வந்து விழுகிற ஒரு ஃபார்வர்டு. 'நானோ தங்கத்தை உடம்பில் செலுத்தி, லேசர் காட்டினால் புற்றுநோய் எரிந்துவிடும். இனி கீமோ வேண்டாம், ஆபரேஷன் வேண்டாம்' என்ற ரகம். சும்மா இருப்பவர்கள் படித்துவிட்டு நகர்ந்துவிடலாம். வீட்டில் ஒருவருக்கு கீமோ ஓடிக்கொண்டிருக்கிறது, நாளை மறுநாள் அடுத்த சைக்கிள் என்றால், ராத்திரி பதினோரு மணிக்கு இதைப் படிப்பவர் மனசு என்ன பாடுபடும்? 'நாம அவசரப்பட்டுட்டோமோ' என்று தோன்றும். சிலர் நிஜமாகவே சிகிச்சையைத் தள்ளிப்போடுவார்கள்.

சிக்கல் என்னவென்றால், அந்த ஃபார்வர்டு முழுப் பொய் இல்லை. தங்கத் துகளை வைத்து மூன்று வேலைகளைச் செய்ய ஆராய்ச்சியாளர்கள் முயல்கிறார்கள். புற்றுநோயின் அடையாளத்தைக் கண்டுபிடிப்பது, கட்டி எங்கே இருக்கிறது என்று காட்டுவது, வெளிச்சத்தால் அதை எரிப்பது. மூன்றும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. முதல் வேலை உங்கள் வீட்டு பாத்ரூம் வரை வந்துவிட்டது. இரண்டாவது, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிறது. மூன்றாவது இன்னும் பரிசோதனையில் இருக்கிறது. எது எங்கே என்று தெரிந்துகொண்டால், அந்த ஃபார்வர்டை எப்படிப் படிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஒரு சவரனில் மூன்று பெட்ரூம் ஃபிளாட்

முதலில், தங்கம் ஏன் சிவப்பாகிறது?

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் துண்டாக்கினால் அதில் ஒரு துண்டுதான் ஒரு நானோமீட்டர். தலைமுடி சுமார் 80,000 நானோமீட்டர் தடிமன். ரத்தச் சிவப்பணு சுமார் 7,000. டெஸ்ட் கிட்டில் இருக்கும் தங்க உருண்டை சில பத்து நானோமீட்டர்தான்.

இவ்வளவு சின்னதாகும்போது தங்கத்தில் இருக்கும் எலெக்ட்ரான்கள் எல்லாம் ஒரே கூட்டமாக ஊசலாட ஆரம்பிக்கின்றன. ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். சரியான நேரத்தில் தள்ளினால்தான் வேகம் எடுக்கும். அதுபோல, வெளிச்சத்தில் ஒரு குறிப்பிட்ட நிறம் மட்டும் இந்த ஊசலாட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும். 20 நானோமீட்டர் உருண்டைக்குப் பொருந்துவது பச்சை. பச்சையைத் தங்கம் விழுங்கிவிடுகிறது, மிச்சம் நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறது. மைக்கேல் ஃபாரடே இந்தச் சிவப்புத் தங்கக் கரைசலைப் பற்றி 1857-லேயே எழுதிவிட்டார். அவர் தயாரித்த பாட்டில்கள் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் இருக்கின்றன.

உருண்டையாக இருப்பதை நீட்டி அரிசி மணி மாதிரி ஆக்கினால், அது விழுங்கும் நிறம் மாறும். சிவப்பையும் தாண்டி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விழுங்க ஆரம்பிக்கும். இது ஏன் முக்கியம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

நம்ம ஊர்க் கணக்கில் இன்னொரு விஷயம். 8 கிராம், அதாவது ஒரு சவரன் சுத்தத் தங்கத்தை 20 நானோமீட்டர் உருண்டைகளாக உடைத்தால், அவற்றின் மேற்பரப்பை எல்லாம் கூட்டினால் சுமார் 1,300 சதுர அடி வரும். கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது. மயிலாப்பூரில் ஒரு மூன்று பெட்ரூம் ஃபிளாட்டின் அளவு! அந்தப் பரப்பு முழுக்க மருந்தை ஒட்டலாம், ஆன்டிபாடியை ஒட்டலாம், ஒளிரும் பொருளை ஒட்டலாம். ஒரே துகளுக்குப் பல வேலை கொடுக்க முடிவது இதனால்தான்.

முதல் வேலை: மோப்பம் பிடிப்பது

பிரெக்னன்சி கிட் எப்படி வேலை செய்கிறது? கர்ப்பம் தரித்தால் ஹெச்.சி.ஜி என்ற ஹார்மோன் சிறுநீரில் வரும். கிட்டில் இருக்கும் தங்கத் துகள்களின் மேல், ஹெச்.சி.ஜி-யை மட்டும் பிடித்துக்கொள்கிற ஆன்டிபாடி ஒட்டப்பட்டிருக்கும். சிறுநீர் பட்டதும் துகள்கள் ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு பட்டையில் நகரும். நடுவில் இன்னொரு ஆன்டிபாடி கோடு போட்டு உட்கார்ந்திருக்கும். ஹார்மோனோடு வரும் துகள்களை அது நிறுத்திவிடும். லட்சக்கணக்கான துகள்கள் ஒரே இடத்தில் சேர்ந்ததும் சிவப்புக் கோடு.

இதே ஹெச்.சி.ஜி, ஆண்களுக்கு வரும் சில விரைப் புற்றுநோய்களிலும் ரத்தத்தில் ஏறும். டாக்டர்கள் அதை டியூமர் மார்க்கராகவே பார்க்கிறார்கள். ஆக, புற்றுநோய் அடையாளத்தைத் தங்கத்தால் கண்டுபிடிப்பது அறிவியல் புனைகதை இல்லை. நாற்பது, ஐம்பது ரூபாய்ப் பட்டையில் இருக்கிற அதே தத்துவம்தான். ஆன்டிபாடியை மாற்றினால் வேறு மார்க்கரைப் பிடிக்கும்.

ஆராய்ச்சியாளர்கள் இதில் துரத்துவது நுணுக்கத்தை. புராஸ்டேட் புற்றுநோய்க்குப் பார்க்கும் பி.எஸ்.ஏ மார்க்கரில், ஒரு மில்லி ரத்தத்தில் 4 நானோகிராம் என்பதைத்தான் பல காலமாக எல்லைக் கோடாக வைத்திருக்கிறார்கள். அது எவ்வளவு சின்ன அளவு தெரியுமா? 12,000 லிட்டர் தண்ணீர் லாரி தெருவுக்கு வருமே, அப்படி 83 லாரித் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சர்க்கரை. அதை இன்றைய சாதாரண லேப் மெஷின்களே கண்டுபிடித்துவிடுகின்றன. நானோ பொருட்களை வைத்து இதைவிடக் குறைந்த அளவை, பல மார்க்கர்களை ஒரே நேரத்தில், விரல் நுனி ரத்தத்திலேயே பார்க்க முடியுமா என்பதுதான் முயற்சி.

இங்கே ஒரு முட்டுக்கட்டை. கருவி எவ்வளவு கூர்மையானாலும், மார்க்கரே குழப்பினால் என்ன செய்வது? சி.ஏ-125 என்ற மார்க்கர் கர்ப்பப்பைக்குப் பக்கத்தில் இருக்கும் சினைப்பையின் புற்றுநோயில் ஏறும். ஆனால் எண்டோமெட்ரியோசிஸ் இருந்தாலும் ஏறும், மாதவிடாய் நாட்களிலும் ஏறலாம். பி.எஸ்.ஏ வயதானவர்களின் சாதாரண புராஸ்டேட் வீக்கத்திலும் ஏறும். 

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 99 சதவிகிதம் துல்லியமான ஒரு டெஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த அறிகுறியும் இல்லாத 10,000 பேருக்கு எடுக்கிறோம். அவர்களில் 10 பேருக்கு மட்டும் நிஜமாகவே புற்றுநோய். டெஸ்ட் அந்த 10 பேரையும் பிடித்துவிடும் என்றே வைப்போம். மீதி 9,990 பேரில் ஒரு சதவிகிதம், கிட்டத்தட்ட 100 பேருக்கு 'இருக்கு' என்று தப்பாகச் சொல்லும். 'பாசிட்டிவ்' ரிப்போர்ட்டோடு தூக்கம் கெட்டு அலையும் 110 பேரில் 100 பேருக்கு நோயே இல்லை!

அதனால்தான், அறிகுறி எதுவும் இல்லாதவர்கள் மாஸ்டர் ஹெல்த் செக்கப்போடு 'டியூமர் மார்க்கர் பேக்கேஜ்' ஆஃபரையும் சேர்த்து வாங்கும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும். டாக்டர் காரணம் சொல்லி எழுதிக் கொடுத்தால் எடுங்கள். ஆஃபர் என்பதற்காக வேண்டாம். மார்பகத்துக்கு மேமோகிராம், கர்ப்பப்பை வாய்க்கு பேப் ஸ்மியர் அல்லது ஹெச்.பி.வி டெஸ்ட், வாய்க்கு டாக்டர் டார்ச் அடித்துப் பார்க்கும் பரிசோதனை. பயன் நிரூபிக்கப்பட்டவை இவைதான். சென்னைப் பெண்களுக்கு அதிகம் வருவது மார்பகப் புற்றுநோய். இதற்கு நானோ எல்லாம் தேவையில்லை, அப்பாயின்ட்மென்ட் போதும்.

இரண்டாவது வேலை: விளக்குப் போட்டுக் காட்டுவது

இப்போது ஒரு சின்ன வேலை செய்யுங்கள். லைட்டை அணைத்துவிட்டு, போனின் டார்ச்சை விரலுக்கு அடியில் வையுங்கள். விரல் சிவப்பாகத் தெரிகிறதா? வெள்ளை வெளிச்சத்தில் நீலத்தையும் பச்சையையும் ரத்தம் விழுங்கிவிடுகிறது. சிவப்பு மட்டும் ஊடுருவி வெளியே வருகிறது. சிவப்பைத் தாண்டிய அகச்சிவப்பு இன்னும் நன்றாகவே ஊடுருவும். கொரோனாவில் எல்லார் வீட்டிலும் விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர் இந்த இரண்டு ஒளியையும் வைத்துத்தான் வேலை செய்கிறது.

அரிசி மணி வடிவத் தங்கம் ஏன் முக்கியம் என்பது இப்போது புரிந்திருக்கும். உடம்புக்குள் போகக்கூடிய ஒளி எதுவோ, அதை விழுங்கும்படி துகளை வடிவமைக்கிறார்கள்.

இந்த வகை ஒளியை வைத்து உடம்புக்குள் பார்ப்பது தியேட்டர்களில் ஏற்கெனவே நடக்கிறது. இண்டோசயனின் கிரீன் என்ற சாயத்தைச் செலுத்திவிட்டு, அகச்சிவப்பு கேமராவில் பார்த்தால், நெறிக்கட்டும் ரத்தக்குழாயும் பளிச்சென்று தெரியும். ஆனால் இது நானோ இல்லை, 1950-களிலிருந்து புழக்கத்தில் இருக்கும் சாதாரணச் சாயம். புற்றுநோய்க் கட்டியை மட்டும் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் அறிவு அதற்குக் கிடையாது.

அந்த அறிவைக் கொடுக்கத்தான் நானோ துகள். அமெரிக்காவில் 'கார்னெல் டாட்ஸ்' என்ற சிலிக்கா துகள்களை மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உள்ள ஐந்து பேருக்குச் செலுத்திப் பார்த்த முடிவுகள் 2014-ல் வெளியாயின. துகள்கள் மிகச் சின்னதாக இருந்ததால், சிறுநீரகமே வடிகட்டி வெளியே அனுப்பிவிட்டது. ஐந்து பேர்தான் என்பதைக் கவனியுங்கள். பாதுகாப்பானதா என்று பார்ப்பதற்கான முதல் படி அது.

நம் பக்கமும் வேலை நடக்கிறது. ஐ.ஐ.டி மெட்ராஸில் பேராசிரியர் டி.பிரதீப்பின் குழு, சீம்பாலில் அதிகமாக இருக்குமே, லாக்டோஃபெரின் என்ற புரதம், அதற்குள் சில தங்க அணுக்களைக் கொத்தாக வளர்த்து, அது ஒளிர்வதை 2010-ல் பதிவு செய்தது. குடிநீரிலிருந்து பூச்சிக்கொல்லியையும் ஆர்சனிக்கையும் நானோ பொருட்களால் அகற்றிய வேலைக்காக நாம் அதிகம் கேள்விப்பட்ட அதே பிரதீப்தான், 2020-ல் பத்மஸ்ரீ பெற்றவர். 2010 வாக்கில் கொச்சி அம்ரிதாவின் நானோ மையம், இதுபோன்ற தங்கக் கொத்தில் ஃபோலிக் ஆசிட்டை ஒட்டிப் பார்த்தது. ஆமாம், கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் அதே ஃபோலிக் ஆசிட். வேகமாகப் பெருகும் சில புற்றுநோய் செல்களுக்கு அது நிறையத் தேவை, அதைப் பிடித்து உள்ளே இழுக்கும் 'கை'கள் அந்த செல்லின் மேல் அதிகம். சாப்பாட்டைக் காட்டித் தங்கத்தை உள்ளே அனுப்புகிற தந்திரம்! ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் அது வேலை செய்தது. மனிதர்களுக்கு வருவது வேறு கதை.

க்யூஎல்இடி டிவி விளம்பரங்களில் வரும் 'குவான்டம் டாட்' கூட இந்த வேலைக்குப் பிரமாதமாக ஒளிரும். ஆனால், பல குவான்டம் டாட்களில் காட்மியம் இருக்கிறது. அது விஷம். டிவிக்குள் இருக்கட்டும்.

மூன்றாவது வேலை: எரிப்பது

ஃபார்வர்டின் ஹீரோ இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தங்கத் துகள் விழுங்கிய வெளிச்சம் எங்கே போகும்? சூடாக மாறும். கட்டிக்குள் துகள்கள் இருக்கும்போது அகச்சிவப்பு லேசரைக் காட்டினால், துகள் இருக்கும் இடம் மட்டும் சூடேறும். 50 டிகிரியைத் தாண்டிச் சில நிமிடங்கள் நின்றால், செல்லின் புரதங்கள் முட்டை வெந்த மாதிரி ஆகிவிடும். பக்கத்தில், துகள் இல்லாத திசுவுக்கு அந்த அளவு சூடு போகாது.

இதை மனிதர்களிடம் செய்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் நவோமி ஹாலஸ், ஜெனிஃபர் வெஸ்ட் இருவரும் உருவாக்கிய 'நானோ ஷெல்' என்ற துகள். அதைப் புரிந்துகொள்ள ரங்கநாதன் தெருவுக்குப் போனால் போதும். கவரிங் நகைதான் அது! கவரிங்கில் உள்ளே செம்பு, மேலே தங்கப் பூச்சு. இதில் உள்ளே சிலிக்கா, அதாவது மணலின் மூலப்பொருள், மேலே மெல்லிய தங்கத் தோல். மொத்தமே சுமார் 150 நானோமீட்டர். தோலின் தடிமனை மாற்றி, எந்த ஒளியை விழுங்க வேண்டும் என்று முடிவு செய்யலாம்.

நியூயார்க் மவுன்ட் சினாய் மருத்துவமனையில் புராஸ்டேட்டுக்குள் மட்டும் புற்றுநோய் இருந்த, அபாயம் குறைவான அல்லது நடுத்தரமான 16 ஆண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் நாள் துகள்களை நரம்பு வழியாக ஏற்றினார்கள். அடுத்த நாள், எம்.ஆர்.ஐ மற்றும் அல்ட்ராசவுண்ட் படங்களைப் பார்த்துக்கொண்டே, லேசர் இழையை ஊசி மாதிரி கட்டிக்குள் விட்டுச் சூடேற்றினார்கள். 15 பேருக்குச் சிகிச்சை முழுமையாக நடந்தது. சிறுநீர், தாம்பத்யம் தொடர்பான செயல்பாடுகளில் பெரிய பாதிப்பு தெரியவில்லை. வழக்கமான புராஸ்டேட் ஆபரேஷனில் ஆண்கள் பயப்படுவதே இந்த இரண்டுக்கும்தான் என்பதால், இது சின்ன விஷயம் இல்லை. 2019-ல் முடிவுகள் வெளியாயின.

நல்ல செய்திதான். ஆனால் நடந்ததை மறுபடி பாருங்கள். வெளியிலிருந்து டார்ச் அடித்த மாதிரி காட்டவில்லை, லேசரை உள்ளேயே கொண்டுபோனார்கள். அகச்சிவப்பு ஒளியும் திசுவுக்குள் போகப்போகச் சில சென்டிமீட்டருக்குள் தேய்ந்துவிடும். அதோடு, கட்டி எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்திருந்தது, அது ஒரே இடத்தில் இருந்தது. எலும்புக்கும் நுரையீரலுக்கும் பரவிவிட்ட நோயில் எந்த இடத்தில் லேசரை வைப்பது? ரத்தப் புற்றுநோயில்? 'எல்லா கேன்சருக்கும்' என்று எழுதியிருந்தால், அந்த இடத்திலேயே ஃபார்வர்டு பொய்யாகிவிடுகிறது.

இன்னொரு பெரிய தடை, டெலிவரி. நரம்பில் ஏற்றும் துகள்கள் கட்டிக்குப் போய்ச் சேர வேண்டுமே? கட்டியின் ரத்தக்குழாய்கள் ஓட்டை ஒழுகலாக இருக்கும், அது வழியாகத் துகள்கள் கசிந்து உள்ளே தங்கும் என்று ஜப்பானில் மட்சுமுரா, மேடா இருவரும் 1986-ல் காட்டினார்கள். அந்த நம்பிக்கையில் உலகம் முழுக்க ஆராய்ச்சி ஓடியது. 2016-ல் டொரன்டோவில் வாரன் சானின் குழு, பத்து வருட ஆய்வுகளை எடுத்துக் கூட்டிக் கழித்துப் பார்த்தது. கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது, நடுமதிப்பாக 0.7 சதவிகிதம்! ஆயிரம் பார்சல் அனுப்பினால் ஏழுதான் சரியான வீட்டுக்குப் போகிறது. மீதியில் பெரும்பங்கு கல்லீரலிலும் மண்ணீரலிலும் மாட்டிக்கொள்கிறது. தங்கம் கரையாது என்பதால், பெரிய துகள்கள் அங்கே நீண்ட காலம் தங்கும். அதனால் என்ன ஆகும் என்பதைப் பார்க்கத்தான் இத்தனை வருடப் பரிசோதனை.

கார்போக அரிசி தெரியுமா?

வெளிச்சத்தால் வைத்தியம் என்பது நமக்கு ஒன்றும் புதிது இல்லை. மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடைகளில் கார்போக அரிசி கேட்டால் கொடுப்பார்கள். குளியல் பொடியில் சேர்ப்போமே, அதேதான். வெண்புள்ளிக்கு அதைப் பூசி வெயிலில் நிற்பது நம் மரபு மருத்துவத்தில் பழைய முறை. அதில் இருக்கும் சோராலென் என்ற பொருள், வெயில் பட்டால்தான் வேலை செய்யத் தொடங்கும். இதே சோராலென் வகை மருந்தையும் புற ஊதா ஒளியையும் சேர்த்துத்தான் தோல் டாக்டர்கள் 'பூவா' சிகிச்சை தருகிறார்கள். (வீட்டில் நீங்களே முயன்றுவிடாதீர்கள். அளவு தப்பினால் தோல் கொப்பளித்துவிடும்.)

புற்றுநோயில் இதன் சொந்தக்காரன், ஃபோட்டோடைனமிக் சிகிச்சை. மருந்து தனியாக ஒன்றும் செய்யாது, வெளிச்சமும் தனியாக ஒன்றும் செய்யாது. இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்தால் ஆக்ஸிஜன் வெறிபிடித்த வடிவத்துக்கு மாறி செல்லைக் கொல்லும். இதற்கான போர்ஃபிமர் சோடியம் மருந்துக்கு 1993-ல் கனடா முதலில் அனுமதி தந்தது. உணவுக்குழாய், நுரையீரல் புற்றுநோய்களில் சில நிலைகளில் பயன்படுகிறது. ஒரே தொல்லை, மருந்து தோலிலும் தங்கிவிடும். குறைந்தது 30 நாள் வெயிலில் தலைகாட்டக் கூடாது. சென்னை மே மாதத்தில் இதை நினைத்துப் பாருங்கள்! மருந்தை நானோ துகளில் ஏற்றி, கட்டிக்கு மட்டும் அனுப்ப முடிந்தால் இந்தத் தொல்லை குறையும். ஆராய்ச்சியாளர்களின் ஆசை அதுதான்.

நாட்டு மருந்து என்றதும் தங்க பஸ்பம் நினைவுக்கு வந்திருக்கும். 'பஸ்பமே நானோதான், நம் முன்னோர் அப்போதே...' என்று ஒரு ஃபார்வர்டும் உண்டு. பஸ்பத்தில் நானோ அளவுத் துகள்கள் இருப்பதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள், உண்மைதான். ஆனால், மேலே படித்த மூன்று வேலையிலும் தங்கம் தனியாக எதையும் செய்யவில்லை. அடையாளம் காணும் ஆன்டிபாடி வேண்டும், அளவும் வடிவமும் ஒரே சீராக வேண்டும், லேசர் வேண்டும். வாயில் போட்டு விழுங்கும் பஸ்பத்தில் இவை எதுவும் கிடையாது.

ஒரே சாலை, நீண்ட தூரம்

அடையாறு சர்தார் படேல் சாலையில் போகும்போது கவனித்திருப்பீர்கள். ஐ.ஐ.டி அங்கே இருக்கிறது. அதே சாலையில்தான் புற்றுநோய் மருத்துவமனையின் வளாகமும் இருக்கிறது. ஆட்டோவில் சில நிமிடம். ஆனால், ஆய்வகத்தில் ஒரு துகள் ஒளிர்வதற்கும், அது வார்டில் ஒருவருக்கு ஏற்றப்படுவதற்கும் நடுவில் பத்து, பதினைந்து வருடம் கூட ஆகலாம். பல துகள்கள் வழியிலேயே நின்றுவிடும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த வேதனையில் ஆரம்பித்த முயற்சிக்கு 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் 12 படுக்கைகளோடு அடையாறு மருத்துவமனை திறந்தது. அடுத்த வருடம் அங்கே வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021 ஜனவரியில் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். இத்தனை வருடங்களில் புற்றுநோய் சிகிச்சை மேம்பட்டது ஒரே ஒரு அதிசய மருந்தால் இல்லை. கொஞ்சம் கதிர்வீச்சு, கொஞ்சம் கீமோ, கொஞ்சம் சீக்கிரம் கண்டுபிடித்தது என்று படிப்படியாக நடந்தது.

நானோவும் அப்படித்தான் வந்துகொண்டிருக்கிறது, சத்தமில்லாமல். டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு கீமோ மருந்து இதயத்தைப் பாதிக்கக்கூடியது. அதை சுமார் 100 நானோமீட்டர் கொழுப்புக் குமிழிக்குள் அடைத்துக் கொடுக்கும் மருந்துக்கு அமெரிக்கா 1995-ல் அனுமதி தந்தது. இதயத்துக்கு ஆபத்து குறைந்தது. பதிலுக்கு உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து எரியும் பிரச்னை வந்தது. பாக்லிடாக்செல் மருந்தை ஆல்புமின் புரதத்தில் சேர்த்த நானோ வடிவத்துக்கு 2005-ல் அனுமதி. இரண்டு வகையும் இந்தியாவிலேயே தயாராகின்றன. உங்கள் வீட்டு கீமோ பில்லில் 'லைப்போசோமல்' என்றோ 'நேப்-பாக்லிடாக்செல்' என்றோ இருந்தால், நானோ மருந்து ஏற்கெனவே உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். யாரும் ஃபார்வர்டு அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

மார்க்கர் தேடும் வேலையிலும் சென்னை இருக்கிறது. ஐ.ஐ.டி மெட்ராஸ் 2025 பிப்ரவரியில் இந்தியர்களுக்கான புற்றுநோய் மரபணுத் தரவுத்தளத்தை வெளியிட்டது. 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் திசு மாதிரிகளை வைத்துத் தொடங்கியிருக்கிறார்கள். எதைத் தேட வேண்டும் என்று தெரிந்தால்தானே தங்கத் துகளில் எந்த ஆன்டிபாடியை ஒட்டுவது என்று முடிவு செய்ய முடியும்?

யாராவது 'நானோ சிகிச்சை' என்று சொன்னால்...

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். சில பெரிய மருத்துவமனைகளில் 'தெரனாஸ்டிக்ஸ்' என்று போர்டு பார்த்திருப்பீர்கள். கண்டுபிடிப்பதும் குணப்படுத்துவதும் ஒரே பொருளால் என்று அர்த்தம். அங்கே பெரும்பாலும் கொடுப்பது லுட்டீஷியம் போன்ற கதிரியக்க மருந்து. அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை, ஆனால் இந்தக் கட்டுரையில் படித்த நானோ தங்கம் இல்லை. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

உங்களிடம் ஒருவர் நானோ சிகிச்சை பற்றிப் பேசினால், துகளின் பெயர் என்ன, எந்தப் புற்றுநோய்க்கு, எந்த நிலைக்கு, இதை எடுத்துக்கொண்டு வழக்கமான சிகிச்சையை நிறுத்த வேண்டுமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு 'ஆமாம், நிறுத்திடுங்க' என்று பதில் வந்தால், முதலில் உங்கள் புற்றுநோய் டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள். இதைப் போல ஆயிரம் ஃபார்வர்டு பார்த்தவர்கள் அவர்கள். புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே நம் நாட்டில் 1954-ம் வருடச் சட்டப்படி குற்றம். ஆக, யூடியூப் விளம்பரத்தில் 'கியாரன்டி' என்று வந்தாலே சந்தேகப்படலாம்.

'இது பரிசோதனை சிகிச்சை, புதுசா வந்திருக்கு' என்று சொன்னால், சி.டி.ஆர்.ஐ எண் கேளுங்கள். இந்தியாவில் நடக்கும் மருந்துப் பரிசோதனைகள் எல்லாவற்றையும் நோயாளிகளைச் சேர்ப்பதற்கு முன்பே அரசின் அந்தப் பதிவேட்டில் பதிவு செய்ய வேண்டும், 2009 முதல் இது கட்டாயம். பதிவேடு இணையத்தில் இருக்கிறது, எண்ணைப் போட்டால் என்ன மருந்து, எந்த மருத்துவமனை, எத்தனை பேர் என்று வந்துவிடும். இங்கிலீஷ் தடுமாறினால் வீட்டில் காலேஜ் படிக்கும் பிள்ளையை உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை. ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், படித்துப் பார்க்க நேரம் தர வேண்டும். ஆராய்ச்சிக்கான செலவை நோயாளி தலையில் கட்டக் கூடாது என்கிறது ஐ.சி.எம்.ஆர் வழிகாட்டு நெறி. எண்ணும் தராமல், 'ஊசி ஒன்றுக்கு இவ்வளவு' என்று பில்லையும் நீட்டினால், ஃபைலையும் ஸ்கேன் கவரையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.